உள்ளே தண்ணீர் விடக் கூடாது

நாற்பத்தெட்டு வயதில் சிலருக்கு மூட்டு வலி வரும், சிலருக்கு வெள்ளெழுத்து வரும். என் மனைவிக்கு டியூபா வந்தது.

அவள் குடிநீர் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊரிலுள்ள குழாய்களில் சின்னச் சின்ன பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வந்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அதனால் நிலையத்தில் அவளுக்குப் பாட்டிலம்மா என்றுதான் பெயர். அங்கே ஊழியர்களுக்கென்று ஒரு பேண்டு வாத்தியக் குழு இருக்கிறது. அதில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகுழலை ஊதியவர் உடம்பு முடியாமல் விலகிவிட, அந்த இடம் ரொம்ப நாள் காலியாகக் கிடந்தது. அந்த யானையைத் தூக்க யாரும் முன்வரவில்லை. இவள் கையைத் தூக்கிவிட்டாள். மடியில் வைத்தால் ஆளே தெரியாது. பித்தளைக்கு இரண்டு கால் முளைத்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதைச் சொல்லிக் கிண்டல் செய்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

பதினாறு மாதமாக ஊதுகிறாள். நன்றாக ஊதுகிறாள் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உண்மை அதுதான்.

இப்போது நிலையத்துக்குப் புதுக் கருவிகள் வருகின்றன. பழையவற்றை விற்றுவிட முடிவு செய்துவிட்டார்கள். யார் ஊதுகிறாரோ அவருக்கே முதல் உரிமை. மதிப்பீட்டாளர் எழுதித் தருவதுதான் விலை. ஊரில் அந்த மதிப்பீட்டாளர் நான்தான். பழைய பித்தளைக் கருவிகளுக்கு வயதும் விலையும் சொல்வதுதான் இருபத்தெட்டு வருடமாக என் பிழைப்பு.

என் வேலையறை சாவி வெட்டும் கடைக்கு மேலே இருக்கிறது. பதினான்கு படி. புதன்கிழமை காலையில் சாவிக்கடைக்காரர் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக டியூபாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். பின்னால் வந்த என் மனைவி பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"என்னாச்சு?"

"செருப்பு வார் கழண்டுடுச்சு. நீங்க போங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியின் கனம் அப்படி.

மேலே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையால் விசிறிக்கொண்டாள். பிறகு வழக்கமான வாய் திறந்தது. "ஊர்ச் சாமானையெல்லாம் மோந்து பார்த்து வயசு சொல்றீங்களே, இதுக்குச் சரியாச் சொல்லுங்க பார்க்கலாம். சொல்லிட்டா ஒரு பரிசு இருக்கு." கைப்பையைத் தட்டிக் காட்டினாள்.

"பரிசெல்லாம் நீயே வெச்சுக்கோ. நாளைக்கே சொல்றேன்."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சிரித்தவள் இருமத் தொடங்கினாள்.

வறட்டு இருமல். மூன்று மாதமாக இருக்கிறது. இரண்டு மருத்துவரைப் பார்த்தாயிற்று, நாலு பாட்டில் மருந்து குடித்தாயிற்று. போன மாதம் இரண்டு வாரம் அவளுடைய அக்கா வீட்டில் போய் இருந்தாள்; இருமல் போன இடம் தெரியவில்லை. திரும்பி வந்து மூன்றாம் நாளே பழையபடி ஆரம்பித்துவிட்டது. "இருபத்துநாலு வருஷம் கழிச்சு உடம்பு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கு, நீங்க எனக்கு ஒத்துக்கலைன்னு" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் வேலைக்குப் போனதும் டியூபாவை மேசையில் கிடத்தினேன். வயது பார்ப்பதற்கு என்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் எண். தயாரித்தவர்கள் வால்வுக்குப் பக்கத்தில் எண் பொறித்திருப்பார்கள். இதில் அந்த இடம் உள்ளங்கை பட்டுப் பட்டு மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. அடுத்து காந்தம். அகன்ற புனல் வாயின் விளிம்புக்குள் மடித்து வைத்த கம்பி இரும்பா பித்தளையா என்று அது சொல்லிவிடும். காந்தம் ஒட்டியது. இரும்புக் கம்பி என்றால் பழசு. திருகுகளின் மரை ஒன்றுபோல் ஒன்று இல்லை. கையால் அரம் போட்டவை. இதெல்லாம் வெளியே தெரிவது. உண்மையான வயது உள்ளேதான் இருக்கும்.

ஊதுவாயைக் கழற்றி, முதல் குழாய்க்குள் சின்ன கேமராக் கம்பியை விட்டேன். திரையில் பச்சையும் கறுப்புமாக அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. அடுக்கின் மேல் வெள்ளைப் பூஞ்சை, கவனிக்காமல் விட்ட எலுமிச்சம் பழத்தில் பூக்குமே, அது. ஒரு மரக்குச்சியால் லேசாகச் சுரண்டி மூக்கருகே கொண்டுவந்தேன். ஈரமான நிலவறையின் வாசனை. எத்தனையோ கருவிகளில் இதை மோந்திருக்கிறேன். எனக்கு அது பழமையின் வாசனை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும்.

அந்த அடுக்கு என் தொழிலுக்கு முக்கியம். வயதைச் சொல்வதும் அதுதான், பழைய பற்றவைப்பில் விழுந்த ஊசித் துளைகளை அடைத்து வைத்திருப்பதும் அதுதான். உள்ளே தண்ணீர் விட்டுத் தேய்த்தால் துளைகள் திறந்துகொள்ளும், சத்தம் ஒழுகும், விலை பாதியாகும். அதனால் என்னிடம் வருகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது, உள்ளே கழுவாதே என்பதுதான். இவள் ஊத ஆரம்பித்த புதிதில் என்னிடம் கேட்டாள்: "தண்ணிக் குழாயையே வருஷத்துக்கு ரெண்டு தடவை கழுவி விடறோம். இதைக் கழுவ வேண்டாமா?" நான் எரிந்து விழுந்தேன். "உன் வேலை தண்ணி, என் வேலை பித்தளை. அதுல கையை வெச்ச, அவ்வளவுதான்." அவள் அதோடு விட்டுவிட்டாள். எதையும் அவ்வளவு லேசில் விடுகிறவள் இல்லை, ஆனால் விட்டுவிட்டாள்.

மாலைக்குள் அறுபதிலிருந்து எழுபது வயதுக்குள் என்று முடிவுக்கு வந்தேன். பத்து வருட இடைவெளி எனக்கு அவமானம். அதுவும் அவளிடம் போய்ச் சொன்னால் ஒரு வாரத்துக்கு வீட்டில் தலைகாட்ட முடியாது. அப்போதுதான் பெட்டி மூடியின் உள்பக்கத்தைக் கவனித்தேன். அந்தப் பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. கருவியை ஊத எடுத்துக்கொள்கிறவர் மூடியில் தன் பட்டப்பெயரையும், எடுத்த வருடத்தையும் விட்ட வருடத்தையும் ஆணியால் கீறி வைக்க வேண்டும். நாலு பெயர் இருந்தது. பம்ப். நெட்டை. தாடி. கடைசியாக, கோணல்மாணலாக, பாட்டில். பம்ப் பதினோரு வருடம் ஊதியிருக்கிறார். நெட்டை ஏழு. தாடி ஐந்து. நிலையத்துக்கு வந்தே கால் நூற்றாண்டுக்கு மேல் என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம். அந்த எண்கள் குறைந்துகொண்டே வருவது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

டியூபா என் அறையில் இருந்ததால் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவளுக்கு ஒத்திகை இல்லை. இருமல் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. மருந்து பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

நிலையம் இதை எங்கிருந்து வாங்கியது என்று தெரிந்தால் வயதை நெருங்கிவிடலாம். பேண்டு மாஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் வந்து ஒன்பது வருடம்தான் ஆகிறதாம். "பம்ப் போய்ச் சேர்ந்துட்டார், சார். நெட்டையும் இல்லை. அவரோட சம்சாரம் இருக்காங்க, கேட்டுப் பாருங்க" என்று அந்த விலாசத்தையும் தாடியின் விலாசத்தையும் கொடுத்தார். சனிக்கிழமை மதியம் கிளம்பினேன்.

நெட்டையின் மனைவி கீழ்த்தள வீட்டில் தனியாக இருந்தார். சுவரில் நெட்டை டியூபாவைக் கட்டிப் பிடித்தபடி நிற்கும் படம். நல்ல உயரம், அகலமான நெஞ்சு.

"மூடிப்போன மில்லு ஒண்ணோட பேண்டு சாமானை ஏலத்துல எடுத்தாங்கன்னு சொல்லுவார்" என்றார் அந்த அம்மாள்.

மில் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. தொழிலுக்கு வந்த முதல் வருடம் அப்படியொரு மில்லுக்குப் போயிருக்கிறேன். ஒரே நாளில் பதினோரு கருவி. அதில் டியூபா இருந்ததா என்று ஞாபகம் வரவில்லை.

"அவருக்கு என்ன உடம்புக்கு?" ஒரு மரியாதைக்குத்தான் கேட்டேன்.

"நெஞ்சுதாங்க. முதல்ல சாதாரண இருமல்னாங்க. சிகரெட்டைக் கையால தொட்டதில்லை மனுஷன். லீவுல எங்க அம்மா வீட்டுக்குப் போனா ஒரு வாரத்துல நல்லாயிடுவார். திரும்பி வந்தா மறுபடி பிடிச்சுக்கும். வீட்லதான் ஏதோ இருக்குன்னு நான் சுவரைக்கூடக் கொத்திட்டுப் புதுசாப் பூசினேன்." அவர் படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டினார். "கடைசியில அங்கிருந்து சமையலறைக்கு வரதுக்குள்ள ரெண்டு நாற்காலி போட்டு வெச்சிருந்தேன், நடுவுல உட்கார்ந்துக்க."

அக்கா வீடு, இரண்டு வாரம், மூன்றாம் நாள். நான் விடை பெற்றேனா, அப்படியே எழுந்து வந்துவிட்டேனா என்று தெரியவில்லை.

தாடியின் வீடு இரண்டு தெரு தள்ளி. ஓட்டமும் நடையுமாகப் போனேன். தாடிக்குத் தாடி இல்லை. மூக்கில் குழாய், பக்கத்தில் உறுமிக்கொண்டு ஓர் இயந்திரம், ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. வயது ஐம்பது இருக்கும். "ஆக்ஸிஜன் முகமூடி ஒட்டணும்னு மழிச்சுட்டாங்க" என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நின்று நின்று பேசினார்.

"எல்லா டாக்டரும் என்னைக் கேட்டது ஒண்ணுதான். புறா வளர்க்கிறீங்களா? பூசணம் பிடிச்ச தானியம் இருக்கிற இடத்துல வேலையா? நான் இல்லை இல்லைன்னேன். கடைசியா ஒரு சின்ன வயசு டாக்டரம்மாதான், சாயங்காலத்துல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. டியூபா ஊதுவேன்னேன். அதை எப்பக் கழுவினீங்கன்னாங்க. யாருமே கழுவினதில்லைன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க."

"அப்புறம்?"

"ஊத மூச்சை உள்ள இழுக்கிறோம் இல்ல, அப்பல்லாம் அந்தப் பூஞ்சையும் சேர்ந்து நெஞ்சுக்குள்ள போகுது. அது நுரையீரலைத் தழும்பாக்கிடுது. சீக்கிரம் நிறுத்தினா மாறிடும். தழும்பு விழுந்துட்டா மாறாது. எனக்கு விழுந்துடுச்சு."

"பேண்டுல சொல்லலையா நீங்க?"

"சொல்லாம இருப்பேனா? மாஸ்டர்கிட்ட போய்ச் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து சீட்டைக் காட்டினார். உள்ள தண்ணி விடக் கூடாதுன்னு மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட்டு எழுதின சீட்டு. பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமா வெச்சிருப்பாங்க. படிச்சவர் எழுதியிருக்கார், அவரைவிட உனக்குத் தெரியுமான்னு கேட்டார். எனக்கு என்ன சார் தெரியும்? நான் மீட்டர் படிக்கிறவன்."

பெட்டியில் நான் எந்தச் சீட்டையும் பார்க்கவில்லை. ஆனால் அந்த மாதிரிச் சீட்டு எழுதுகிறவர் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

"இப்ப யார் சார் அதை ஊதறாங்க?"

"என் மனைவி."

அவர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா?"

"பதினாறு மாசம்."

"இருமல் இருக்கா?"

"இருக்கு."

"படி ஏறும்போது நடுவுல நிக்கிறாங்களா? ஏதாவது சாக்குச் சொல்லுவாங்க. நான் பட்டனைப் போடற மாதிரி நிப்பேன்."

நான் தெருவுக்கு வந்து சாவிக்கடைக்காரருக்குப் போன் செய்தேன். டியூபாவை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று சொல்லத்தான். "அக்கா இப்பத்தான் வேன்ல ஏத்திட்டுப் போனாங்களே சார்" என்றார். "சனிக்கிழமை ஒத்திகையாமே." அவளிடம் என் அறைக்கு ஒரு சாவி உண்டு. அவளுடைய போன் அணைந்திருந்தது. ஒத்திகையில் போன் கூடாது என்பது மாஸ்டர் போட்ட சட்டம்.

நிலையத்துக்குப் பேருந்தில் இருபது நிமிடம். எனக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ தடவை கோபத்தைப் பயம் என்று நினைத்திருக்கிறேன், பயத்தைக் கோபம் என்று நினைத்திருக்கிறேன். இது கலப்படமே இல்லாத பயம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் சாவகாசமாக ஏறினார்கள், சாவகாசமாக இறங்கினார்கள். ஒவ்வொருவரையும் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது.

ஒத்திகைக் கூடம் வடிகட்டும் தொட்டிகளுக்கு அடியில் இருக்கிறது. பத்துப் படி இறங்க வேண்டும். முதல் படியில் கால் வைக்கும்போதே டியூபாவின் சத்தம் தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. நீளமான, அடியாழத்து ஒற்றைச் சத்தம். நான் நாலாவது படியில் இருக்கும்போது அது நடுவில் அறுந்தது. பிறகு இருமல்.

"நிறுத்து!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன். மொத்தப் பேண்டும் வாயிலிருந்து கருவியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தது. மாஸ்டர் குச்சியைத் தாழ்த்தி, "விலை எழுதிட்டீங்களா சார்?" என்றார்.

என் மனைவி பித்தளைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். இருமி இருமிக் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "கண்டுபிடிச்சிட்டீங்களா? அதுக்கா இந்த ஓட்டம்?" நான் வாயைத் திறப்பதற்குள் டியூபாவைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். "இருங்க, பரிசு சொன்னேனே. இந்தாங்க."

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழுத்த சீட்டு. வயது நாற்பத்தொன்று என்று மேலே எழுதியிருந்தது. கீழே: உள்ளே தண்ணீர் விடக் கூடாது. விட்டால் மதிப்பு பாதியாகும். அதற்குக் கீழே என் கையெழுத்து, இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய தேதியோடு.

அப்படியானால் அதன் வயது அறுபத்தெட்டு. நான் போட்ட கணக்கு சரிதான்.

"பெட்டியைத் திறந்த முதல் நாளே பார்த்துட்டேன்" என்றாள் மாஸ்டரிடம், பெருமை தாங்காமல். "அப்ப இவருக்குக் கல்யாணம்கூட ஆகலை. மோப்பக்காரர் தன் சீட்டைத் தானே எப்பக் கண்டுபிடிக்கிறார்னு பார்க்கத்தான் புதன்கிழமை இதை எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

நான் அவள் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தேன். நெட்டையின் இரண்டு நாற்காலிகளைச் சொன்னேன். தாடியின் இயந்திரத்தைச் சொன்னேன். குழாய்க்குள் நான் பார்த்து ரசித்த வெள்ளைப் பூஞ்சையைச் சொன்னேன். மாஸ்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மேலே தொட்டிகளில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். சீட்டை வாங்கி ஒரு தடவை படித்தாள், ஏற்கெனவே மனப்பாடமான ஒன்றைப் படிப்பது போல.

"உங்க கையெழுத்துன்னுதான் கழுவல" என்றாள். "இல்லேன்னா நீங்க கத்தினதுக்கு மறுநாளே கழுவியிருப்பேன்."

பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலையும் பஞ்சு சுற்றிய குச்சியையும் எடுத்தாள். முதல் குழாய்க்குள் விட்டு ஒரு சுற்று சுற்றி, பாட்டிலில் போட்டு மூடி, தேதி எழுதினாள். எந்தத் தெருக் குழாயில் எடுத்தாலும் இப்படித்தான் செய்வாள். பெட்டியை மூடச் சொன்னாள். இனி யாரும் திறக்கக் கூடாது என்றாள். திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன். தலையாட்டினாள்.

"சீக்கிரம் நிறுத்தினா மாறிடுமாம்" என்றேன்.

"எது சீக்கிரம்?"

வயது சொல்வதே தொழிலாக இருப்பவனால் இதற்கு ஒரு நாளைக்கூடச் சொல்ல முடியவில்லை.

இருவரும் கூடத்தை விட்டு வெளியே வந்தோம். படிக்கட்டின் அடியில் நின்று கேட்டாள்: "இந்தச் சீட்டை வேற எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். எழுதிக் கை வலிக்கிறது என்று, ஒன்பது வருடத்துக்கு முன்பே அந்த வாசகத்துக்கு ஒரு ரப்பர் முத்திரை செய்து பையிலேயே வைத்திருக்கிறேன். அது குத்திய சீட்டு இல்லாமல் எந்தக் கருவியையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

"சொல்லுங்க."

"எல்லாருக்கும்" என்றேன்.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நாலாவது படியில் நின்றாள். இந்த முறை செருப்பு வாரைச் சரி செய்வதுபோல் குனியவில்லை.